பீடத்தில் ஒட்டிய முத்திரை

எழுபதுகளின் கடைசியில், ஒரு தவக்காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாயில் இருந்தோம். என் கணவர் கடல்தொழிலை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் போயிருந்தார். அது எந்த நாட்டுக் கப்பல், எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுதுவார் என்று இருந்தேன்.

கடிதம் வந்தது. "காலில இரும்பு விழுந்திட்டுது. என்னைக் கரையில இறக்கி ஆசுபத்திரியில விட்டிட்டுக் கப்பல் போயிட்டுது. இந்த ஊர்ப் பேர் என்ர வாயில நுழையுதில்லை. கால் மிஞ்சுமோ தெரியாது. பிள்ளையளோட சேர்ந்து செபி." அவ்வளவுதான். விலாசம் இல்லை.

அழுதுகொண்டே உறையைத் திருப்பினால், முத்திரையில் மாதா! தலையில் முக்காடு, கையில் குழந்தை, பின்னால் பொன் நிறம். இந்த நேரம் பார்த்துத் தாயே வீடு தேடி வந்திருக்கிறா என்று நினைத்தேன். உறையை நனைத்து, முத்திரையைக் கிழியாமல் உரித்து, சோற்றுப் பசை தடவி, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் வீட்டுப் பீடப் பலகையில் ஒட்டினேன். பின்னேரம் தோறும் அதன் முன்னால்தான் செபமாலை.

எங்கள் பங்குக் குருவானவரான சுவாமியாரிடம் கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். உறையையோ முத்திரையையோ காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கொழும்புக்கு எழுதிப் பார்த்தார். பதில் இல்லை.

பாஸ்கு என்ற உயிர்ப்புப் பெருநாள் நெருங்க, எருக்கலம்பிட்டிப் பக்கமிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி வந்தார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இந்த முறை ஒன்றும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"எந்த நாடு தங்கச்சி?"

"அதுதானே நானா தெரியேல்லை."

"முத்திரையப் பாத்தா விளங்குமே. நான் முத்திரை சேக்கிற பைத்தியம். எங்க அது?"

வாசலில் நின்றபடியே உள்ளே பீடத்தைக் காட்டினேன். மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "என்னட்ட வந்திருந்தா ஆல்பத்துக்குள்ள கிடந்திருக்கும். உங்கட்ட வந்து மெழுகுதிரி வெளிச்சத்தில இருக்குது. குடுத்து வச்ச முத்திரை!"

வாசலில் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கிட்ட வந்து குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"மாதாதானே நானா?" எனக்கு அந்தப் பயம்தான்.

"மர்யம் அம்மா மாதிரித்தான் இருக்குது. எங்களுக்கும் அவங்கள்ல மரியாதை இருக்குது. ஆனா நீங்க முகத்தை மட்டும் பாத்திருக்கிறீங்க. கீழ எழுதியிருக்கிறதப் பாருங்க. ஹெல்லாஸ். என்னட்டயும் ரெண்டு மூண்டு இருக்குது. கிரேக்க நாடு தங்கச்சி!"

முத்திரையின் ஓரத்தில் கறுப்புத் தபால் சீலின் பாதி வட்டம் இருந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்து, துணியால் துடைத்தும் பார்த்திருக்கிறேன். மற்றப் பாதி உறையில் இருக்கும் என்றார் நானா. வேதாகமத்துக்குள் வைத்திருந்த உறையை ஓடிப்போய் எடுத்தேன். முத்திரையை உரிக்க நகத்தை வைத்ததும், "ஐயோ, கிழிச்சுப் போடாதீங்க! உறைய மடிச்சுப் பக்கத்தில பிடிங்க" என்றார்.

முத்திரை இருந்த இடத்தைப் பின்பக்கம் மடித்து, உறையைப் பலகையோடு சேர்த்துப் பிடித்தேன். முதலில் வட்டம் பொருந்தவில்லை. "கொஞ்சம் மேல... இல்ல, சாடையாக் கீழ... அப்பிடியே நில்லுங்க!" பாதி வட்டங்கள் இரண்டும் சேர்ந்து முழு வட்டமாயின. உள்வளைவில் ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர். ஒவ்வொன்றாக வாசித்து, புடவை சுற்றிய தாளில் எழுதித் தந்தார். அது எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தாளோடு சுவாமியாரிடம் ஓடினேன். அது பெரிய துறைமுகம் என்றார் அவர். அங்கே உள்ள கத்தோலிக்கக் கோயிலுக்கு, ஊர்ப் பெயரை மட்டும் விலாசமாகப் போட்டு எழுதினார். பாஸ்கு முடிந்து கொஞ்ச நாளில் பதில் வந்தது. அந்த ஊர்க் குருவானவர் ஆசுபத்திரிகளில் விசாரித்து இவரைக் கண்டுபிடித்திருந்தார். கால் தப்பிவிட்டது, ஆனால் கப்பல்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். ஊருக்கு அனுப்பும் ஒழுங்கையும் அவரே செய்தார். நெல் வெட்டுக் காலத்தில் என் கணவர் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார்.

முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "செபம் சொன்ன முத்திரைய நான் எப்பிடி ஆல்பத்தில வைக்கிறது?" என்று மறுத்துவிட்டார்.

நான் கேட்டதற்கான பதிலைத் தாய் முதல் நாளே கொண்டுவந்து தந்துவிட்டா. அதை வாசித்துக் காட்ட ஒரு முஸ்லிம் சகோதரனைப் பிறகு அனுப்பினா என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அதனால் இப்போதெல்லாம் செபம் முடிந்ததும், யாரிடமாவது வாய் விட்டுக் கேட்க வெட்கப்படுவதில்லை.