விளம்பரமாக வந்த என் நோய்

மார்கழியில் ஒரு காலை குளித்துக்கொண்டிருந்தபோது இடது மார்பின் ஓரத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அமுக்கிப் பார்த்தேன், வலிக்கவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கண்டரமாணிக்கத்தில் பத்தொன்பது வருடமாக அங்கன்வாடி டீச்சர் நான். வலிக்காத கட்டியைத்தான் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நெற்குப்பையிலிருந்து ஒரு குடும்பம் தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று யோசிக்க மாட்டார்களா? என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். நல்ல மனுஷர், ஆனால் அவரிடம் ஒரு விஷயம் தங்காது. அவரிடம் சொன்னால் அன்றைக்கே டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆகவே போனிடம் கேட்டேன். காரைக்குடியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினேன். ‘மார்பில் கட்டி.’ மறுநாள் ‘வலிக்காத கட்டி புற்றுநோயா.’ அதற்கடுத்த நாள் ‘அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா.’ மற்றவர்களிடம் கேட்க முடியாததையெல்லாம் அதனிடம் கேட்டேன். அது முகம் சுளிக்கவில்லை, திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. அந்தரங்கமாக ஒரு துணை கிடைத்ததைப் போல இருந்தது.

பத்து நாள் போவதற்குள் விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. சமையல் வீடியோ பார்த்தால் நடுவில் ஒரு மருத்துவமனை வந்து நிற்கும். முருகன் பாட்டுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, ‘தாமதிக்காதீர்கள் சகோதரி’ என்பார். பயத்தில் ஒருநாள், ‘கட்டணமில்லா ஆலோசனை’ என்றிருந்த ஒன்றைத் தொட்டு, பெயர், வயது, போன் நம்பர், என்ன தொந்தரவு, மகளுக்கும் வருமோ என்ற பயம் என்பதையெல்லாம் நிரப்பி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தது. சென்டரில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். “மேடம், கட்டி சம்பந்தமா விசாரிச்சிருந்தீங்க” என்றது ஒரு பெண்குரல். “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டேன். பிறகு வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு நம்பர்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது.

எங்கள் சென்டருக்கு வரும் பெண்கள் என்னிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். கலைந்த கருவை, புருஷன் அடித்த தழும்பை, மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரையை. ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதுக்கு என்னால் போனதே இல்லை. போனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததற்கு என் படிப்பு போதாது என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெற்குப்பைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா, அக்காவின் கைக்குழந்தை. விவசாயக் குடும்பம், பேச்சில் பகட்டே இல்லை. மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குழந்தைதான் புது இடம் என்று அழுதது. உடனே என் கணவர் எழுந்துபோய், “பாப்பாவுக்குப் பாட்டுப் போடுறேன்” என்று டிவியைப் போட்டார்.

அது இன்டர்நெட் டிவி. கோயம்புத்தூரில் படிக்கும் மகன் லீவுக்கு வந்தபோது என் போனில் இருக்கும் கணக்கையே அதிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதன் அர்த்தம் எனக்கு அன்றுவரை தெரியாது.

யானைப் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு பெண் திரையில் வந்தாள். மார்பில் கையை வைத்துக்கொண்டு, “கட்டி தெரிகிறதா?” என்று கேட்டாள். அது முடிந்து பாட்டு ஓடியது. பாதிப் பாட்டில் இன்னொரு மருத்துவமனை, அதே கேள்வி. என் கணவர் சிரித்துக்கொண்டே, “இந்த ஒரு மாசமா இந்த எழவுதான் ஓயாம வருது” என்றார்.

“எங்க வீட்டு டிவியில இது வந்து நான் பாத்ததே இல்லையே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “எங்களுக்கு மாட்டுத் தீவனமும் டிராக்டரும்தான் வருது.”

அவர் மகள் குழந்தையைத் தட்டிக்கொண்டே, விளையாட்டாகத்தான் சொன்னாள். “அவுக அவுக எதத் தேடுறாகளோ அதுக்குத் தக்கனதாம்மா விளம்பரம் வரும். போன்ல தேடிக் குடுக்குற கம்பெனி பொழப்பே அதுதான்.”

மாப்பிள்ளையின் அம்மா என் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னை அறியாமல் என் கை முந்தானையை இழுத்து மார்பை மூடியது. அதையும் அவர் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு, “கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்று கிளம்பிப் போனார்கள்.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டார்.

“மதினி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுவீகளா? உங்க வீட்டுல யாருக்கும் உடம்புக்கு எதுவுமா?”

அந்தக் கேள்வியில் குத்தலே இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி. எங்க சென்டருக்கு வர்ற ஒரு பொண்ணுக்காக என் போன்ல தேடினேன். அதப் பிடிச்சுக்கிட்டு இந்த டிவி உசுர வாங்குது.”

“அப்படிச் சொல்லுங்க. நான் பயந்தே போனேன்” என்று சிரித்தார். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அந்தப் பொய் பலித்துவிட்டது. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. இனி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? சிவகங்கைக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். வைகாசி வரை தள்ளிவிடலாம், தாலி ஏறியதும் மறுநாளே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மாசி போயிற்று. புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆயிற்று. தினமும் குளிக்கும்போது அங்கே கை படாமல் குளித்தேன். கல்யாணப் பட்டு எடுக்கப் போன கடையில், கண்ணாடி முன்னால் சேலையைத் தோளில் போட்டுக் காட்டியபோது இடது கையைத் தூக்க முடியவில்லை. “தோள்ல சுளுக்கு” என்றேன். விளம்பரங்கள் மட்டும் நிற்கவில்லை. எல்லோரையும் ஏமாற்றிவிட்ட எனக்கு போனை ஏமாற்ற வழி தெரியவில்லை.

பங்குனியில் ஒரு மாலை, கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்ப்பதற்காக மகள் என் போனை வாங்கி வைத்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். போன் அடித்ததும் அவளே எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஏதோ மருத்துவமனையிலிருந்து பேசியவள், நான்தான் எடுத்திருக்கிறேன் என்று நினைத்து, கட்டி இப்போது பெரிதாகியிருக்கிறதா, மகளுக்கு வருமோ என்ற பயம் இன்னும் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். “காட்டும்மா” என்றாள். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.

“எங்கிட்டோ இருக்கவளுக்கு உன் உடம்பு தெரிஞ்சிருக்கு. ஒரே பாய்ல படுக்கற எனக்குத் தெரியல.”

“உனக்காகத்தான் தாயி…”

“எனக்காகன்னு சொல்லாத. நீ செத்துப்போனா அந்தக் கல்யாணத்த வச்சு நான் என்ன செய்ய?”

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கே அப்பாவிடம் சொன்னாள். அவர் அழுதார். பிறகு நான் தடுக்கத் தடுக்க நெற்குப்பைக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்தார். பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“நோவு யாருக்கும் வரும் மதினி. அதுக்காக இல்ல. அன்னைக்கு நான் வாய்விட்டுக் கேட்டேன். நீங்க சொல்லியிருக்கலாம். இனி நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அப்படி ஒரு சம்பந்தம் வேணாம்.”

அவர் போன பிறகு மகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். “எப்பம்மா முதல்ல பாத்தீங்க?” என்றார். மார்கழி என்றேன். காலண்டரைப் பார்த்தார், திட்டவில்லை. “அப்பவே வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். சித்திரையில் மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது.

மருந்து ஏற்றப் போன ஒருநாள், பக்கத்து நாற்காலியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனில் தேடிக் கொடுக்கும் அந்தக் கம்பெனிக்கு விளம்பரத்தில் மட்டும் வந்த வருமானம் இந்த முறையும் ஏறியிருக்கிறதாம். எத்தனை கோடி என்று அவர் வாய்விட்டுப் படித்துத் தன் மனைவிக்குச் சொன்னார். அந்த எண் என் மண்டையில் ஏறவில்லை. அதற்குள் எங்கேயோ, பஸ்ஸில் முந்தானைக்குள் ஒளித்து நான் தட்டிய ஒற்றை வரியும் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. யாரோ அதை ஏலம் போட்டிருக்கிறார்கள், யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாகப் பேச வேண்டும். நான் கேட்ட முதல் நாளே, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றுதான் போன் சொன்னது. கேட்காமல் போனது என் குற்றம். ஆனால் என்னிடம் சொன்னதோடு அது நிறுத்தியிருந்தால், என் பயத்தைக் கூடத்தில் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் ஓட்டாமல் இருந்திருந்தால், பொய் சொல்லும் இடத்தில் நான் போய் நின்றிருக்க மாட்டேன். இதை எங்கே போய்ச் சொல்வது? அந்தக் கம்பெனிக்குக் காரைக்குடியில் கதவா இருக்கிறது தட்டுவதற்கு?

மகள் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து போனில் என்னென்னவோ நிறுத்தினாள். என்னைப் பற்றி அது எழுதி வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள். வயது, கல்யாணம் ஆனவள், பிள்ளைகள் உண்டு, கல்யாணச் சாமான் வாங்கப் போகிறவள். எல்லாவற்றையும் அழித்தாள். கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. பிறகு விக் விளம்பரம் வந்தது. அதற்குப் பிறகு ஆயுள் காப்பீடு.

போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் சாயங்காலம் கைக்கு வந்தபோது டாக்டரம்மா போய்விட்டிருந்தார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, மகளும் நானும் கவரைப் பிரித்தோம். இடுப்பெலும்பு என்று வந்த இடத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியவில்லை. மகள் தன் போனை எடுத்து முதல் எழுத்தைத் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“வேணாம். உன் போன்ல வேணாம்.”

“தெரியாம எப்படிம்மா இருக்கறது?”

“நாளைக்கு வந்து டாக்டரம்மாகிட்டக் கேப்போம்.”

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். காரைக்குடி பஸ் வந்ததும் ஏறினோம். திருப்பத்தூர் தாண்டும் வரை அவள் போனை வெளியே எடுக்கவில்லை. கவர் என் மடியில் இருந்தது.