சிப்ஸ் தொட்டியடியில் நின்று அளந்த மைதானங்கள்

மைதானத்தில் சிப்ஸ் பொரிப்பவளுக்கு ஆட்டம் தெரியத் தேவையில்லை. அது எப்போது நிற்கும் என்று தெரிந்தால் போதும்.

இதை வாசிக்கிறவர்களில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். குதிக்கால் வலியைப் பற்றியோ, இரண்டு தரம் முழுகினாலும் தலைமயிரை விட்டுப் போகாத எண்ணெய் மணத்தைப் பற்றியோ உங்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது மைதானங்களைப் பற்றி. சிட்னியில் மூன்று ஃபுட்போல் மைதானங்களிலும் மெல்பேர்னில் ஒன்றிலும் வேலை செய்திருக்கிறேன். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைத்தான் இங்கே ஃபுட்போல் என்கிறார்கள். முதலில் ஒரு பல்கலைக்கழகத்துச் சின்ன மைதானம், பிறகு நடுத்தரம், பிறகு பெரிசு. எல்லாம் ஒரே சாப்பாட்டுக் கம்பனியின் கவுண்டர்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆக்களோடு கதைக்கக் கூச்சம். அதனால் எங்கே போனாலும் பொரிக்கிற எண்ணெய்த் தொட்டியடியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அங்கே நின்றால் சனத்துக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். முன்னுக்கு நின்று ஓடர் எடுக்கிறவ செல்வி அக்கா. மதுரைக்காரி, ஹோம்புஷில் இருக்கிறா, யாரோடும் கதைப்பா. எங்களுக்கு மேலே சுப்பவைசர் நாடியா. லெபனான்காரி, எல்லாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவா.

இந்த சீசன் தொடங்கும்போது நாடியா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னா. பெரிய மைதானத்தில் ஒரு கவுண்டருக்குப் பொறுப்பாக ஆள் வேண்டும், நிரந்தர வேலை, என்னை நினைத்து வைத்திருக்கிறாவாம். "ஆனால் பொறுப்பு எண்டால் வாயைத் திறக்க வேணும், லவ். சீசன் முடியச் சொல்லுறன்." நிரந்தரம் என்றால் எந்த நாள் வேலை என்று முதலே தெரியும். இப்போது வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் போனில் செய்தி வரும். கணவருக்கு வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி ஷிஃப்ட். மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர யாரைக் கெஞ்சுவது என்று நான் படுகிற பாடு, உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். அந்த வேலை எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. வாய்தான் வரவில்லை.

பார்க்க மாட்டாத தகப்பன்

சின்ன மைதானத்தில் கதிரைகள் ஒரு பக்கத்தில் மட்டும். மற்றப் பக்கம் புல்மேடு. சனம் கம்பளி விரித்து இருக்கும், நாயும் கூட வரும். எங்கள் கவுண்டர் கதிரைகளுக்கு நேர் கீழே. அங்கே சத்தம் தனித்தனியாகக் கேட்கும். எந்தத் தாய் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறா என்றுகூட விளங்கும். கதிரையில் இருந்து கவுண்டருக்கு ஒரு நிமிச நடைதான். இடைவேளைச் சைரன் அடிக்க முதலே வரிசை வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, ஒரு மனிசன் மூன்றாம் தரம் வந்து சிப்ஸ் கேட்டார். முதல் வாங்கிய இரண்டு பெட்டியும் கையில் அப்படியே ஆறிக் கிடக்கிறது. செல்வி அக்கா விசாரித்தா. மகன் விளையாடுகிறானாம், போன மாதம்தான் தோள்மூட்டு விலகியதாம், மேலே இருந்து பார்க்க நெஞ்சு இடம் தரவில்லையாம். அந்த நேரம் பார்த்து மேலே "ஓ" என்று ஒரு பெரிய சத்தம். மனிசன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, திரும்பி எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்: "ஒருத்தரும் விழேல்லை. விழுந்தால் சனத்தின்ர சத்தம் நிண்டுபோகும்."

அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முதுகைப் பார்ப்பார், நான் திரும்பாமலே தலையை ஆட்டுவேன். ஆட்டம் முடிந்தது, மகன் நடந்தே வந்தான். போகும்போது அவர் என்னைக் கேட்டார், ஃபுட்போல் தெரியுமா என்று. தெரியாது என்றேன். "நல்லது," என்றார். "தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்லுவினம்."

கையில் கட்டிய சிவப்பு நூல்

நடுத்தர மைதானம் பரமட்டாப் பக்கம். கதிரைகள் ஏணி மாதிரிச் செங்குத்து, கூரை முன்னுக்கு இழுத்திருக்கும். சத்தத்துக்கு வெளியே போக வழியில்லை, அவ்வளவும் எங்கள் தலையில் கொட்டும். பொரிக்கிற கூடையின் கைப்பிடி அதிரும். கைக்குழந்தைக்கும் குழுவின் சட்டை போட்டுக் கூட்டி வருவார்கள். நடுவரைத் திட்டும்போது கிழவன், பிள்ளை என்று பேதமில்லாமல் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

ஒருநாள் ஆள் குறைவு. இருபது நிமிசம் முன்னுக்கு நின்று பெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டி வந்துவிட்டது. நான் நிமிராமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று முருகன் கோயிலுக்குப் போய் கையில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். அன்றைக்கு எதிர்க் குழுவின் நிறமும் சிவப்பு. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முகம் முழுக்க நீலச் சாயம் பூசிய ஒரு பெரிய மனிசன் என் மணிக்கட்டைப் பார்த்தார். அவருடைய குடும்பமும் பார்த்தது. வரிசையே பார்த்தது.

"அது என்ன?"

"கோயில்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சாமி."

"எந்தக் குழுவுக்கு?"

நான் நூலைச் சட்டைக் கைக்குள் தள்ளினேன். செல்வி அக்கா பக்கத்தில் இருந்தபடியே, இந்தச் சாமி எல்லாக் குழுவுக்கும் பொது என்று இங்கிலிஷில் அடித்துவிட்டா. மனிசன் டிவியைப் பார்த்தார், தன் குழுவின் புள்ளியைப் பார்த்தார். பிறகு மயிர் அடர்ந்த கையைக் கவுண்டரில் நீட்டி வைத்தார். "அப்ப எனக்கும் ஒண்டு கட்டிவிடு. நாங்கள் பன்னிரண்டு புள்ளி பின்னுக்கு நிற்கிறம்."

எட்டுக் கூடை

பெரிய மைதானம் ஹோம்புஷ் பக்கத்தில். மாடிக்கு மேலே மாடி. கவுண்டர்கள் இருக்கிற நடைபாதையை ஒருக்கால் சுற்றி வருவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். அங்கே தனிக் குரல் என்று ஒன்றில்லை. கடல் இரைகிற மாதிரி ஒரே இரைச்சல். சந்தோசமா, கோபமா என்று பிரிக்க முடியாது. தலைக்கு மேலே டிவி இருக்கிறது, ஆனால் அது நடந்ததைக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். சனம் கத்தி முடித்த பிறகுதான் டிவியில் பந்து பறக்கும்.

நான் அங்கே போன முதல் நாள், கூரை பிய்கிற மாதிரி ஒரு கைதட்டல். இடைவேளை வந்துவிட்டது என்று எட்டுக் கூடையையும் ஒரேயடியாக எண்ணெய்க்குள் இறக்கினேன். எடுத்துக் குவித்து உப்பும் போட்டாயிற்று. ஒரு குருவிகூட வரவில்லை. சிப்ஸ் துவண்டு ஈரத் துணி மாதிரிப் படுத்துவிட்டது. என்ன நடந்தது என்று பிறகுதான் தெரியவந்தது. மைதானத்துப் பெரிய திரையில் ஒரு மொட்டைக் குழந்தை பாட்டுக்கு ஆடியிருக்கிறது, அதற்குத்தான் அந்தக் கைதட்டல். நாடியா வந்தா. எட்டுக் குவியலையும் பார்த்தா. ஒன்றை எடுத்து வாயில் போட்டா.

"அந்தக் குழந்தைக்குப் பல்லே இல்லை, லவ். இதையெல்லாம் ஆர் சாப்பிடுறது?"

நாலு பந்தி

அன்றைக்குப் படித்த பாடம், வாய்ச் சத்தத்தை நம்பக்கூடாது, கால் சத்தத்தைத்தான் நம்ப வேண்டும் என்பது. சனம் உண்மையாக எழும்பினால் மடிப்புக் கதிரைகள் வரிசையாக டக் டக் என்று மூடும். அடுத்து மேலே கொங்கிறீட் உறுமும். பெரிய மைதானத்தில் அந்த உறுமல் தொடங்கி நாலு நிமிசத்தில் முதல் ஆள் கவுண்டருக்கு வருவார். ஒரு கூடை பொரிய மூன்று நிமிசம். உப்புப் போட ஒரு நிமிசம். இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை, நானே பிடித்தது. ஒரு மாதத்தில் பக்கத்துக் கவுண்டர்காரர் சைரனை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெருமையோடுதான் மெல்பேர்ன் போனேன். அங்கே ஆள் தேவை என்று கம்பனி எங்களில் நாலு பேரை ஒரு சனி ஞாயிறுக்கு அனுப்பியது. மகளை விட்டுப் பிரிந்தது அதுதான் முதல் தரம். மைதானம் வட்டம், சிட்னிப் பெரிசைவிடப் பெரிசு. அங்கே எதிர் எதிர்க் குழுக்காரர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே பெட்டியில் சிப்ஸைக் கிள்ளித் தின்றுகொண்டே ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். அது எனக்குப் பிடித்தது. ஆனால் அவர்களுடைய ஃபுட்போல் வேறு என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்டம் நடுவில் ஒரு தரம் நிற்கும். அவர்களுடையது நாலு கால்வாசி, நடுவில் மூன்று தரம் நிற்கும். முதல் சைரன் அடித்துக் கால் சத்தம் கேட்டது. இடைவேளைக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்று என் காதையே நான் நம்பவில்லை. கூடை போடவில்லை. தூண் வரைக்கும் வரிசை நின்றது, தட்டில் ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செல்வி அக்கா மட்டும் சிரித்தா. "விடு வதனி, ரெண்டு பந்தி போடுற வீடுன்னு நெனச்சு வந்துட்டோம். இது நாலு பந்திக் கல்யாணம்ப்பா, அவ்வளவுதான்."

மற்ற இடைவேளைகளுக்கு நான் பிந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கவுண்டரில் நின்ற நரைத்த மெல்பேர்ன்காரர் நான் போடும்போது போட்டு, நான் எடுக்கும்போது எடுத்தார். வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றும்போது சொன்னார்: "சிட்னியில ஆட்டம்தான் பிழை. காது சரி."

படத்தில் இல்லாதது

மகள் முதலாம் வகுப்பு. அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்களாம். "அம்மா, எந்த ஸ்டேடியம் பெரிசு?" என்று கேட்டாள். சின்னதில் ஒரு ஆளின் குரல் கேட்கும், நடுத்தரத்தில் கூரையின் சத்தம் கேட்கும், பெரிசில் கால்கள்தான் கேட்கும் என்றேன். அவள் யோசித்து யோசித்துக் கீறினாள். ஒரு ஏப்ரன், அதற்கு மேலே ஒரு தலை, தலையில் யானைக் காது மாதிரி இரண்டு காது, கையில் கூடை. வகுப்புச் சுவரில் ஒட்டினார்களாம். எனக்கு அவ்வளவு பெருமை. போனில் படம் எடுத்து வைத்து, வேலைக்குப் போய் நாடியாவிடம் காட்டினேன்.

அவ போனை வாங்கிப் பார்த்தா. "காது நல்லாக் கீறியிருக்கிறாள், லவ். வாய் எங்கே?"

வீட்டுக்கு வந்து திரும்பப் பார்த்தேன். உண்மைதான், பிள்ளை வாய் கீறவில்லை.

சனம் எழும்பாத சத்தம்

சீசனின் கடைசி ஆட்டம், பெரிய மைதானத்தில், ஞாயிறு பின்னேரம். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு எண்ணெய்த் தொட்டிகளை நிற்பாட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருக்கால் நிற்பாட்டினால் திரும்பச் சூடாகக் கனநேரம் எடுக்கும். அன்றைக்கும் நாடியா கவுண்டர் கவுண்டராக "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தா. தோற்கிற குழுவின் ஆக்கள் ரெயிலைப் பிடிக்க முதலே இறங்கிவிட்டார்கள். திடீரென்று மேலே ஒரு இரைச்சல். உடனே சைரன். பக்கத்துக் கவுண்டர்களில் சுவிட்சுக்குக் கை போய்விட்டது.

நான் காத்திருந்தேன். கதிரை மூடவில்லை. கொங்கிறீட் உறுமவில்லை. அவ்வளவு சனமும் மேலே இருக்கிறது, ஒருத்தரும் எழும்பவில்லை. ஆட்டம் முடிந்திருந்தால் ஏன் எழும்பவில்லை? டிவியில் இன்னும் சைரனே அடிக்கவில்லை. நாடியா அடுத்த கவுண்டர் வாசலில் நிற்கிறா. சொன்னால், பிழைத்துப் போனால், எல்லாரும் சிரிப்பார்கள். நிரந்தர வேலையும் அத்தோடு போய்விடும்.

கூடையைத் தொங்கவிட்டுவிட்டு முன்னுக்கு வந்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வந்தது தமிழ்தான். "நிப்பாட்டாதேங்கோ. சனம் எழும்பேல்லை." நடைபாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்வி அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு அதையே இங்கிலிஷில் கத்தினா. நாடியா டிவியை அண்ணாந்து பார்க்க, அப்போதுதான் டிவியில் தோற்கிற குழுக்காரன் ஒருத்தன் பந்தோடு கோட்டைத் தாண்டினான். இரண்டு பக்கமும் சமபுள்ளி. ஆட்டம் இன்னும் நீளும்.

ரெயிலுக்கு ஓடினவர்கள் அவ்வளவு பேரும் திரும்பி ஓடிவந்து, மேலே ஏறப் பொறுமையில்லாமல் எங்கள் டிவிக்குக் கீழேயே குவிந்துவிட்டார்கள். தோற்றுப் போனோம் என்று பசி கெட்டுப் போனவர்கள் எல்லாருக்கும் இப்போது பசி. எங்கள் பக்கத்தில் ஒரு தொட்டியும் ஆறவில்லை. நான் எட்டுக் கூடையையும் இறக்கினேன். வரிசை குழம்பியது. "சிப்ஸ் மட்டும் எண்டால் இடப்பக்கம் வாங்கோ," என்று இந்தத் தரம் இங்கிலிஷிலேயே சொன்னேன். சனம் இடப்பக்கம் வந்தது. நான் சொல்லி ஒரு மைதானத்துச் சனம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு வாய் மூடவே இல்லை.

எல்லாம் முடிந்து தொட்டி ஆறும்போது நாடியா வந்து என் பக்கத்தில் நின்றா. "இந்த வாயை இவ்வளவு நாளும் எங்கே வைச்சிருந்தனி, லவ்? திங்கட்கிழமை வந்து கையெழுத்தைப் போடு. மகளிட்டச் சொல்லு, படத்தைத் திருத்தட்டாம்."

இப்போது சிட்னியிலும் மெல்பேர்னிலும் எந்த மைதானம் எவ்வளவு பெரிசு, எங்கே சனம் எப்படிக் கத்தும் என்று யார் கேட்டாலும் வாய் நிறையச் சொல்லுவேன், அங்கே யார் வென்றது என்று மட்டும் என்னைக் கேட்காதேங்கோ.