நாடா கட்டிய பழம்

செய்தி வந்தபோது நான் தபால் பதிவேட்டில் எண் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் அக்கா மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து அவருடைய நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலக உதவியாளர் முத்தையா அண்ணன் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. வாசலில் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“பேச்சியக்கா போயிருச்சு தாயி. விடியக்கால. காமாலை முத்திருச்சாம்.”

“சரிண்ணே” என்றேன். அடுத்த உறைக்கு எண் போட்டேன். அதற்கடுத்த உறைக்கும் போட்டேன். கண்காணிப்பாளர் எழுந்து வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கி மேசையில் வைக்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றும் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், அவர் வீட்டுத் தக்காளியைத் தின்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். நம் அலுவலகத்தில் தின்னாதவர் யாரும் இல்லை.

நான் எழுபத்தெட்டில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அம்மாவும் அப்பாவும் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். முதல் நாள் மத்தியானம், தூக்குவாளியில் இருந்த பழைய சோற்றை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தபால் பிரிவில் இருந்த பேச்சியம்மாள் அக்கா வந்தார். தூக்குவாளி மூடியில் ஒரு தக்காளியை வைத்தார்.

“கடிச்சுக்க. உப்பு என் ட்ராயர்ல இருக்கு, குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்துல. மாத்தி எடுத்துறாத.”

பூசணிக்காய் போல வரிவரியாகப் பிளந்த பழம். பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல் இருந்தது. முதலில் பல் கூசும் புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஓர் இனிப்பு. அப்படி ஒரு தக்காளியை நான் அதற்கு முன் தின்றதில்லை. மறுநாளிலிருந்து அலமாரிக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

அந்தத் தக்காளி வேறு எங்கும் கிடைக்காது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா தன் தம்பியின் குடும்பத்தோடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் குடியிருந்தார். பல வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், குளக்கரையில் கூடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் வாங்கிய தக்காளியில் ரசம் வைத்திருக்கிறார். மறுநாள் அதே இடத்துக்குப் போனால் அந்தப் பெண் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. மிச்சமிருந்த ஒரே பழத்தைப் பிழிந்து விதை எடுத்துக் கொல்லையில் போட்டார். எல்லாம் அந்த ஒரு பழத்தின் வழி வந்தவை.

“எந்த ஊருன்னு கேக்கல, என்ன பேருன்னு கேக்கல. பேரம் மட்டும் நல்லாப் பேசுனேன்” என்று அடிக்கடி சொல்வார்.

விதைக்கு விடும் பழத்தை அவர் அடையாளம் வைக்கும் முறை நம் எல்லோருக்கும் வேடிக்கை. செடிகளில் நல்லதாகப் பார்த்து, அதில் ஒரு பழத்தின் காம்பில், கோப்புக் கட்டி நைந்துபோன சிவப்பு நாடாவில் ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிவிடுவார். “நாடா கட்டுனா அது ரெக்கார்டு. எவனும் கை வைக்கக் கூடாது” என்பார். பழம் செடியிலேயே கனிந்து தொளதொளத்த பிறகு பறித்து, டம்ளரில் பிழிந்து, நாற்றம் எடுக்கும்வரை இரண்டு மூன்று நாள் மூடி வைப்பார். பிறகு அலசினால் விதை வழுவழுப்பு நீங்கிச் சுத்தமாக நிற்கும். வீட்டில் காயப் போட்டால் கோழி விடாது. அதனால் ஈர விதையைச் சிறு டப்பாவில் அலுவலகத்துக்குக் கொண்டுவருவார். மை இழுகி வீணான சைக்ளோஸ்டைல் தாளில் பரப்பி, மின்விசிறிக்கு நேராக இருந்த பீரோவின் தலையில் வைப்பார். காய்ந்ததும் விதை தாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே மடித்து வீட்டுப் பரணில் வைத்துவிடுவார். விதைக்கும் காலத்தில் தாளைக் கிழித்துத் தாளோடு மண்ணில் புதைப்பார்.

எனக்கும் ஒரு வருடம் நாற்று கொடுத்தார், ஒரு துண்டு நாடாவோடு. கோரிப்பாளையத்தில் நான் குடியிருந்த வீட்டில் ஓட்டை வாளியில் வைத்தேன். காய்த்தது. நல்ல பழமாகப் பார்த்து நாடாவைக் கட்டினேன். ஊரிலிருந்து வந்து என்னோடு இருந்த அம்மாவிடம் அது எதற்கென்று சொல்லவில்லை. எனக்கு எதையும் சட்டென்று சொல்ல வராது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பழம் இல்லை.

“நீ ஏதோ வேண்டிக்கிட்டு முடிஞ்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்த்தா. பழம் கனிஞ்சு விழுகப் பாத்துச்சு. சாமி பொருள் மண்ணுல விழலாமா? தெப்பக்குளம் மாரியம்மன் கோயில்ல கொண்டுபோயி வச்சிட்டு வந்துட்டேன்” என்றாள் அம்மா.

மறுநாள் அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு மத்தியானம்வரை ஆயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் தட்டச்சு செய்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆத்தாளும் எம்புட்டு நாளைக்குத்தான் பொங்கலையே திம்பா? ரசம் வச்சுக் குடிக்கட்டும் விடு.”

மூட்டைப்பூச்சி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். பாதிதான் உங்களுக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்தைய வருடம், விதை காய்ந்த தாள் ஒன்று பீரோவிலிருந்து பறந்து கண்காணிப்பாளர் மேசையில் விழுந்திருக்கிறது. வீணான தாளின் வெற்றுப் பக்கத்தில் வரைவு எழுதுவது நம் வழக்கம்தானே. மின்விசிறி பழுது பார்ப்பது பற்றி அவர் அதில் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பில் கோத்துவிட்டார். கோத்த பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

“என்னம்மா இது! மூட்டப்பூச்சி முட்ட போட்டு வச்சிருக்கு!”

அன்று எல்லா நாற்காலிகளையும் வெயிலில் போட்டு மண்ணெண்ணெய் தடவினோம். அக்காவும் முகம் மாறாமல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார்.

“அந்தத் தாள எடுத்துரலாமேக்கா” என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டார். “ஏத்தா, கையெழுத்து விழுந்திருச்சு. இனிமே அது ஃபைல்ல ஒரு பக்கம். பக்கத்தக் கிழிக்கிறது நம்ம வேலையில்ல.”

மருத்துவமனையில் நான் அவரை ஒரு முறைதான் பார்த்தேன். கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. அலுவலகத்தில் யார் யார் விடுப்பு என்று கேட்டார். நான் புறப்படும்போது, “ரெண்டு பழத்துக்கு நாடா கட்டிருக்கேன். வீட்டுல ஒரு வார்த்த சொல்லிரு. பாத்துக்க” என்றார்.

“சரிக்கா” என்றேன்.

நான் போகவில்லை. அவர் தம்பி வீட்டு வாசலில் நின்று, உங்கள் கொல்லைப் பழத்தைத் தொடாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளி வைத்தேன். வியாழக்கிழமை முத்தையா அண்ணன் வந்துவிட்டார்.

கருமாதிக்கு நாம் எல்லோரும் போனோம். கொல்லையில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல்கால் நட்டிருந்தது தக்காளிப் பாத்தியில். ஒரு செடியும் மிச்சமில்லை. பந்தியில் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றினார்கள். ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிட்டது. பல் கூசும் புளிப்பு, பிறகு நாக்கின் அடியில் அந்த இனிப்பு. என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டே பிசைந்தார்கள். நான் இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

கை கழுவப் போன இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு நாடாத் துண்டுகள் இரண்டு கிடந்தன. எடுத்துக்கொண்டேன். அக்காவின் தம்பி மனைவியிடம் போய், விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“வெதையா? அந்த ஒட்டுன காயிதமா? பரண்ல கெடந்துச்சு. வீட்ட ஒதுங்க வைக்கிறப்ப ஆபீசு காயிதம்னு நெனச்சு அம்புட்டையும் பழைய பேப்பர்காரன்ட்டப் போட்டுட்டேனே தாயி. ஒரு வார்த்த சொல்லிருந்தா பத்திரமா எடுத்து வச்சிருப்பேனே.” அவர் அழுதார். அக்காவுக்காகவும் அந்தக் காகிதத்துக்காகவும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். நான் அழாமல் நின்றேன். சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கோப்பு நினைவுக்கு வந்தது.

மின்விசிறிப் பழுது ஓராண்டு மட்டும் வைத்திருக்க வேண்டிய கோப்பு. கெடு தாண்டிவிட்டது. அழிக்க வேண்டியவற்றின் பட்டியல் தயாராகி, கட்டுகள் பதிவறை மூலையில் லாரிக்காகக் காத்திருந்தன. மூன்று மத்தியானம் சாப்பிடாமல் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. ஏழாம் பக்கம். திருப்பினேன். விதைகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

பதிவறையில் யாரும் இல்லை. கிழித்து ரவிக்கைக்குள் வைத்திருக்கலாம். எப்படியும் அழியப்போகிற தாள்தான். ஆனால் பக்கத்தைக் கிழிப்பது நம் வேலையில்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மூன்று வருடத்தில் அவர் கூப்பிடாமல் நான் அங்கே போய் நின்றது அதுதான் முதல் முறை.

“என்னம்மா?”

“சார், இது மூட்டப்பூச்சி முட்ட இல்ல. பேச்சியக்கா வீட்டுத் தக்காளி விதை. வேற எங்கயும் இல்ல சார். இது மட்டுந்தான் இருக்கு.” குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

அவர் பக்கத்தைத் திருப்பினார். விரலால் தடவிப் பார்த்தார்.

“மண்ணெண்ண வாட போக மூணு நாளாச்சு. அந்தம்மா அன்னைக்கே சொல்லிருக்கலாமே?”

“நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க சார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தாள் கோப்புலயே இருக்கட்டும். விதைய மட்டும் எடுத்துக்கங்க. ஒரு குறிப்பு எழுதிட்டு வாங்க.”

ஏழாம் பக்கத்தின் பின்புறம் ஒட்டியிருந்த விதைகள் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் அகற்றப்பட்டன என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். மறுநாள் லாரி வந்தது.

கொஞ்சம் விதையை என் ஓட்டை வாளியில் போட்டிருக்கிறேன். இன்னும் முளைக்கவில்லை. மீதியைப் பழைய உறைகளைத் திருப்பி ஒட்டி, பங்கு பிரித்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் உங்கள் மேசைகளுக்கு வரும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நாடாவும் இருக்கும். அடுப்படியில் எடுத்த இரண்டு நாடாக்களை நான் யாருக்கும் தரவில்லை. அவை அக்காவின் ட்ராயரில், இப்போது என் ட்ராயரில், குண்டூசி டப்பாவுக்கும் உப்புக்கும் நடுவில் இருக்கின்றன.

காய்த்தால் தின்னுங்கள். ஒரு பழத்துக்கு மட்டும் நாடாவைக் கட்டுங்கள். கட்டிவிட்டு, அது எதற்கென்று வீட்டில் இருப்பவர்களிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.