நூறாவது கையெழுத்து

1. கையெழுத்து

சிதம்பரத்தில் ஒரு ஆய்வு மையத்தில் ஏழு வருஷமாகக் கள ஆய்வாளராக இருக்கிறேன். கிராம சபையில் யார் பேசுகிறார்கள், யார் பேச்சு மினிட் புக் என்கிற தீர்மான நோட்டில் ஏறுகிறது என்று பார்த்து எழுதுவது வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் நான் முதல் நாள் செய்த முட்டாள்தனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிச்சாவரம் பக்கம் ஒரு ஊராட்சி. மே தினக் கிராம சபை.

"நீ அப்சர்வர். பாக்கணும், அவ்ளோதான். மூக்க நுழைக்காத" என்று சொல்லித்தான் எங்கள் மையத்துப் பேராசிரியர் அனுப்பினார்.

பந்தலில் உட்கார்ந்ததும் ஊராட்சிச் செயலர் ஒரு நோட்டை நீட்டினார். நோட்டு வந்தால் கையெழுத்துப் போடும் புத்தி எனக்கு. போட்டேன்.

கீழத்தெரு கலைச்செல்வி எழுந்தார். "எங்க போர்ல உப்புத் தண்ணி. சோறு பொங்குனா வாயில வெக்க முடியல. நல்ல தண்ணி பைப் போடுறதா இல்லியா?"

"எழுதிக்கிறோம்மா, உக்காரு" என்றார் தலைவர்.

"போன தடவயும் இதத்தான் சொன்ன, மாமா!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு கூட்டம் முடிந்தது.

2. மினிட் புக்

ஒரு வாரம் கழித்து மினிட் புக்கை வாங்கிப் பார்த்தேன். கீழத்தெருத் தண்ணீர் பற்றி ஒரு வரி இல்லை. தலைவர் வீடு இருக்கிற தெருவுக்குப் பைப் என்று தீர்மானம், 'ஏகமனதாக'. அடியில் நூறு கையெழுத்து. கடைசியில் என்னுடையது.

அந்த ஊர் வழக்கம் இதுதான். முதலில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ஜனம் கலைந்த பிறகு மேலே தீர்மானம் எழுதுவார்கள்.

கலைச்செல்வியிடம் கேள்வித்தாளோடு போனேன். விஷயத்தைச் சொன்னதும் வெடித்தார்.

"எங்க தண்ணிய அவனுக்கு எழுதிக் குடுத்துட்டு, கேள்வி வேற கேக்க வந்துட்டியா?"

நேரே செயலரிடம் போனேன்.

"என் பேரை அடிங்க. எனக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்ல."

"ஐயோ மேடம், கோரம்னு கொறஞ்சது நூறு பேரு வேணும். ஒரு பேர அடிச்சா கூட்டமே செல்லாது!"

"ரொம்ப சந்தோஷம். அடிங்க."

அடிக்க மறுத்தார். அன்றே ஒன்றிய அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

3. மறு கூட்டம்

கூட்டத்தை மறுபடி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தத் தடவை கீழத்தெருப் பெண்கள் மொத்தமாக முன்னால் உட்கார்ந்தார்கள். செயலர் நோட்டை நீட்டினார். கலைச்செல்வி வாங்கவில்லை.

"மொதல்ல எழுது. படிச்சுக் காட்டு. அப்புறம் கையெழுத்து."

எழுதினார்கள். 'கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய்.' கலைச்செல்வி மூன்று முறை படிக்க வைத்தார். நோட்டு என் பக்கம் வந்தபோது, "அவுங்ககிட்ட குடுத்துடாதய்யா, தொலைஞ்சோம்!" என்று கத்தினார். பந்தலே சிரித்தது. நானும்தான்.

மையத்துக்குத் திரும்பினால் பேராசிரியர் குதித்தார். "அப்சர்வ் பண்ணச் சொன்னா கூட்டத்தையே கலைச்சுட்டு வந்திருக்க! ரிப்போர்ட்ல இத எந்தப் பக்கத்துல எழுதுறது? சரி, ரிவ்யூ மீட்டிங் நடந்ததா இதுல ஒரு கையெழுத்துப் போடு."

வெற்றுத் தாள்.

"மொதல்ல எழுதுங்க சார்" என்றேன்.

அன்றைக்குக் கற்ற பாடம் அதுதான். இன்றுவரை அவர் எழுதிய பிறகுதான் போடுகிறேன்.