பின்னால் யாரும் இல்லாத வண்டி

என் கணவர் ஆஸ்பத்திரியில் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். இறந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து மயானத்துக்கும் கொண்டுபோகிற வண்டி. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் டிரைவர்" என்று மட்டும்தான் சொன்னார்கள். எந்த வண்டி என்று என் அப்பா கேட்கவில்லை. எனக்கு வாய் திறந்து கேட்கிற பழக்கம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மெத்தை என்று பட்டப்பெயர். அவர் ஓட்டினால் வண்டி போவதே தெரியாது. பிரேக்கை மிதிக்க மாட்டார், தொடுவார். ஹாரன் அடிக்க மாட்டார். பள்ளம் வருவதற்கு முன்பே வண்டி அதற்குத் தயாராகியிருக்கும். வார்டு ஆட்கள், "மெத்தை அண்ணே வண்டியில போனா செத்தவன் தூக்கம்கூடக் கலையாது" என்று கேலி பேசுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லையாம். ஒரு நாள் நாய் குறுக்கே வந்ததில் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். பின்னால் ஸ்ட்ரெச்சர் கொக்கியிலிருந்து கழன்று, முன் தகட்டில் போய் இடித்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா திட்டவில்லை, கத்தவில்லை. "மெதுவாப்பா, பிள்ளைக்கு வலிக்கும்" என்றார்களாம். அன்றோடு அவர் வலது கால் அடங்கிவிட்டது. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்று சொல்ல மாட்டார். சாவு வீட்டில் இந்த டிரைவர் "வரேன்" என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அது எங்கள் வீட்டு வாசலிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரி ஷெட்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். அதை ஓட்டுகிறவன் வயதில் சின்னவன், வாய் ஓயாதவன். அவனுக்கு சைரன் என்று பெயர். "நான் பறந்து கொண்டாந்தும் தேறலன்னா, உங்க கையில பத்திரமா ஒப்படைக்கிறேன் அண்ணே. நாம ரெண்டு பேரும் ஒரே ரூட்டு" என்பான். என் கணவர் சிரிப்பார். ஆனால் ஆம்புலன்ஸுக்கு மாற்றச் சொல்லி அவர் பல முறை கேட்டிருந்தார். "வேகமா ஓட்ட ஆயிரம் பேர் கிடைப்பான். உன்னை மாதிரி ஓட்ட எவன் இருக்கான்?" என்று சொல்லியே வண்டிப் பிரிவு அதிகாரி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பாராட்டையும் சேர்த்துக் கழற்றிப் போடுவார்.

நகரத்துக்கு வெளியே ஒரு ரேஸ் மைதானம் இருக்கிறது. பந்தயம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சில நாள், கட்டணம் கட்டினால் யாரும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். சைரன் ஒரு முறை அவரை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனான். அன்றைக்குத் திரும்பி வந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை காலை முழுசா அழுத்திப் பார்க்கணும்" என்றார்.

"எந்த வண்டியில?" என்றேன்.

"பின்னாடி யாருமே இல்லாத வண்டியில."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டு வண்டி வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. வேலைக்கும் அதுவே, கடைகண்ணிக்கும் அதுவே, மைதானத்துக்கும் அதுவே என்று ஒரே கார்தான் வாங்க முடியும். அதற்கென்றே ஒரு வகைக் கார் இருப்பதாக சைரன் சொன்னான். பார்க்க வீட்டுக்கு வீடு நிற்கிற சின்னக் கார். உள்ளே மட்டும் டர்போ வைத்த பெரிய எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன். "பசுத்தோல் போர்த்திய புலி அண்ணே. பழசா வாங்கினா நம்ம கைக்கு எட்டும். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி வண்டியை முன்னாடி வெச்சிருந்தவன் சும்மா விட்டிருக்க மாட்டான். மேடு ஏத்தி, நல்லா மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்."

மாதக்கணக்கில் தேடினார்கள். ஒன்று துருப்பிடித்திருந்தது, இன்னொன்றின் கதவும் உடம்பும் வேறு வேறு சிவப்பு. கடைசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பார்க்கப் போன அன்று சைரனுக்கு டியூட்டி. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுக்குமாடி வீட்டின் கீழே கார் நின்றது. அடர்ந்த சிவப்பு. கழுவித் துடைத்து, டயருக்குக்கூடக் கறுப்புப் பூசியிருந்தான் விற்கிறவன். ஆபீஸ் வேலை பார்க்கிற பையன். குழந்தை பிறக்கப் போவதால் பெரிய கார் வாங்குவதாகச் சொன்னான். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"ஓட்டிப் பாருங்க அங்கிள்" என்று சாவியைக் கொடுத்தான். அவன் முன்னால் ஏறிக்கொண்டான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

காலனியைச் சுற்றி, பெரிய சாலையில் ஏறி, பாலத்தின் மேல் போய்த் திரும்பினோம். என் கணவரின் கை கியரில் பூ வைப்பது போல் விழுந்தது. பாலம் ஏறும்போது அந்தப் பையன் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். இறங்கும்போது விரல்கள் தளர்ந்தன. வழி முழுக்க அவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முட்களில் ஒன்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"சூப்பரா ஓட்டுறீங்க அங்கிள். உங்களை மாதிரி ஆள் கையிலதான் இது போகணும்" என்றான் இறங்கியதும். அதை மனசாரத்தான் சொன்னான்.

அன்று மாலை நான் பார்த்ததைச் சொன்னேன்.

"பானட்டு சூடா இருந்துச்சுங்க. அந்தப் பையனும் ரோட்டைப் பார்க்கல, முள்ளைத்தான் பார்த்தான்."

"கழுவிட்டு ஒரு சுத்து ஓட்டிக் காய வெச்சிருப்பான். புது ஆளு ஓட்டுறானேன்னு பயம், வேற என்ன?"

"சைரன் தம்பி மிதிச்சுப் பார்க்கச் சொல்லிச்சே?"

"நீ பின்னாடி உட்கார்ந்திருந்தியே. எப்படி மிதிக்கிறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. காரணம் சொல்வது போலச் சொன்னார்.

கார் வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருவில் அவர் நடந்து போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவர் மேல் கோபமில்லை; அவரைப் பார்த்ததும் அவரவர் வீட்டுச் சாவு ஞாபகம் வந்துவிடும். சிவப்புக் காரில் வந்தபோது அதே ஆட்கள் கிட்டே வந்து, "மைலேஜ் என்ன தருது?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போனில், "அப்பா, இனிமே எங்க வீட்டுக்கு இந்தக் கார்லயே வாங்கப்பா" என்றாள். அவள் மாமியார் வீட்டிலும் "ஆஸ்பத்திரியில் டிரைவர்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறது.

தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். ஷெட்டில் ஆம்புலன்ஸுக்கும் அமரர் ஊர்திக்கும் நடுவில் நிறுத்துவாராம். மார்க்கெட்டுக்கு என்னை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். மடியில் தக்காளிப் பை இருக்கும். ஒரு தக்காளிகூட நசுங்கியதில்லை. எஞ்சின் பூனை மாதிரி முனகும். எந்தக் குறையும் தெரியவில்லை.

மைதானத்துக்குப் போக வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம், காரின் பின் சீட்டை முழுசாகக் கழற்றினார். அதைத் தூக்கிவந்து கூடத்தில் சுவரோரம் சாய்த்தார்.

"எடை குறையும்" என்றார்.

நான் தலையாட்டினேன். கூடத்தில் கிடந்த அந்தச் சீட்டில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினேன்.

மைதானத்தில் கொளுத்துகிற வெயில். வந்திருந்த பாதிப் பேருக்கு எங்கள் மகளைவிட வயது குறைவு. டயர், பிரேக், சீட் பெல்ட் எல்லாம் பார்த்துவிட்டுக் கதவில் ஒரு எண்ணை ஒட்டினார்கள். சைரன் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தான். அதைப் போட்டதும் அவர் யாரோ மாதிரி ஆகிவிட்டார். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"வரேன்" என்றார்.

"ம்" என்றேன். வேறு யாராவது என்றால் "போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். எனக்குப் பழக்கமில்லை.

முதல் சுற்றில் அவர் வந்த வேகத்தைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு காராக அவரைக் கடந்து போனது. வளைவில் அழகாகத் திரும்பினார், அழகாக வெளியே வந்தார். ஆனால் கால் இறங்கவில்லை. "யாருடா அது, ஊர்வலம் போற மாதிரி?" என்றான் ஒருவன். சைரனுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த சுற்றில் கார் பக்கத்தில் வந்ததும் வேலிக் கம்பியில் ஏறி நின்று அடித்தொண்டையில் கத்தினான்.

"அண்ணே! பின்னாடி யாரும் இல்லண்ணே! மிதி!"

அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, தெரியாது. ஆனால் அடுத்த வளைவைத் தாண்டியதும் அந்தக் காரின் குரலே மாறியது. இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்தது வாய்விட்டு அலறியது. காரின் பின்பக்கம் ஒரு கணம் தாழ்ந்து, அப்படியே பாய்ந்தது. நேர்ச் சாலை முழுவதும் சிவப்பாக ஒரு கோடு மாதிரி போனார். முதல் சுற்றில் அவரைக் கடந்து போன ஒரு நீலக் காரைப் பின்னால் தள்ளினார். சைரன் குதித்தான். என் கை வேலிக் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உள்ளங்கையில் கம்பித் தடம் பதிந்திருந்தது.

எதிர்ப் பக்கத்து வளைவில் வெள்ளையாக ஏதோ எழுந்தது. புழுதி என்று நினைத்தேன். புகை. பானட்டின் ஓரங்களிலிருந்தெல்லாம் ஆவி கொட்டியது. கார் ஓரமாக ஒதுங்கி நின்றது. எங்கோ ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினார்.

காரைக் கட்டி இழுத்துவர ஒரு வண்டி போனது. அதற்காக மற்ற எல்லாக் கார்களையும் நிறுத்தினார்கள். வெயிலில் அந்த இடமே திடீரென்று அமைதியாகிவிட்டது. இழுக்கிற வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் முன்னால் வர, கயிற்றின் முனையில் சிவப்புக் கார் வந்தது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். கயிறு தளராமல், வெட்டி இழுக்காமல், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தார். வழியில் நின்ற இளவட்டங்கள் பேச்சை நிறுத்தி இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஹெல்மெட்டுகள் அவர்கள் கையில் இருந்தன.

நான் கிட்டே போனபோது ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இழுத்துட்டு வந்தவன் நல்லா ஓட்டினான். குலுக்கவே இல்ல" என்றார்.

மெக்கானிக் எஞ்சினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சின் பிளாக்கில் முன்பே விரிசல் விட்டிருக்கிறது, மேலே பசை போட்டு அடைத்து விற்றிருக்கிறார்கள். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் சூடு காட்டுகிற முள் எகிறி, தண்ணீரையெல்லாம் வெளியே துப்பிவிடும்.

"வாங்குறப்ப ஒரு தடவை நல்லா மிதிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் சார்."

என் கணவர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை.

சைரன்தான் துள்ளினான். "வாங்கண்ணே, அந்தப் பய வீட்டுக்குப் போவோம். சட்டையைப் பிடிச்சு ரெண்டு கேட்காம விடக் கூடாது."

"அவன் மிதிக்காதீங்கன்னு சொல்லலியேப்பா. நான்தான் மிதிக்கல" என்றார்.

வேறு எஞ்சின் போடுவதென்றால் இன்னொரு கார் வாங்குகிற மாதிரி. அது எங்களால் ஆகாது. மறுபடி பசை போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார் மெக்கானிக். சாவியைத் தரும்போது ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுவீங்களே சார், அதே மாதிரி ஓட்டுங்க. இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்."

சில நாள் சுவரோரம் அப்படியே கிடந்த பின் சீட்டை ஒரு காலையில் எடுத்துப்போய் மாட்டினார். போல்ட்டை ஒவ்வொன்றாக முறுக்கினார். நான் போல்ட்டுகள் இருந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டோம். நான் வழக்கம்போல் முன் கதவில் கை வைத்தேன்.

"பின்னாடி உட்காரு" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்.

"முன்ன மாதிரி இல்ல. கால் கேட்க மாட்டேங்குது. பின்னாடி ஆள் இருந்தாத்தான் அடங்குது."

பின்னால் போய் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது தெரியவே இல்லை. தெரு முனை வந்தது, பெரிய சாலை வந்தது. இடதும் வலதும் எல்லா வண்டிகளும் எங்களைக் கடந்து போயின. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையைச் சாய்த்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.