தேத்தண்ணி எதிர்ப்புச் சங்கம்

தேயிலையில் மறதி மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பியவன் நான். நம்பியதோடு நிற்காமல் சங்கம் வைத்து, அதற்குச் செயலாளராகவும் இருந்தேன். ரயில்வே ஆபீஸ் கிளார்க். இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பவன் என்று, நாங்களெல்லாம் கப்பலேறி வந்து பிழைத்த பிரிக்ஃபீல்ட்ஸில் பேர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எங்கும் ஆள்குறைப்பு. தேயிலைக் கம்பெனி ஒன்று, தலைப்பாகை கட்டிய ஒருவனை மணியடிக்கும் வண்டியோடு அனுப்பி, இலவசமாகத் தேத்தண்ணி ஊற்றிப் பொட்டலம் விற்றது. இந்தக் காலத்தில் எவன் சும்மா கொடுப்பான்? குடித்தவன் சம்பள உயர்வு கேட்க மறந்துவிடுவான் என்றார்கள். தீபாவளிக்குள் கப்பல் கம்பெனியும் கதையில் சேர்ந்துகொண்டது; மறந்தவர்களை ஏற்றி ஊருக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடாம். குடிக்காதவனுக்கும் உயர்வு வரவில்லையே என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸர். பக்கத்து மேசைத் தேத்தண்ணியின் ஆவி பட்டிருக்கும் என்றோம். மறுபடி கேட்டார். அவரும் குடிக்கிறவர் என்று முடிவுகட்டினோம்.

ஞாயிறு மாலைகளில் ராவுத்தர் கோப்பிக் கடையில் கூட்டம். அதுவரை யாழ்ப்பாணத்துக் கிளார்க் உட்கார்ந்த பெஞ்சில் ரயில்வே பட்டறை ஆள் உட்கார மாட்டார். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்த பிறகுதான் பேச்சே. இப்போது ஒரே கேள்வி: குடிப்பியா, மாட்டியா? மாட்டேன் என்றவன் நம்மாள். கோயில் கமிட்டிக்கே எங்கள் ஆளை நிறுத்தினோம். நான் எழுந்தால் கைதட்டினார்கள். அந்த மரியாதை எனக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

திடீரென்று ஒரு நாள், வண்டி ஊரை விட்டுப் போகிறது என்று செய்தி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கடையே குதித்தது. நான் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எதிரி போனால் சங்கம் எதற்கு? சங்கம் போனால் என் பேச்சை யார் கேட்பார்கள்? வெற்றி விழாவில் பேசும்போதே கோப்பிக்கு ஊற்றும் டின் பாலிலும் ஏதோ சதி இருப்பதாகத் தொட்டுக்காட்டினேன். கல்லாவிலிருந்து ராவுத்தர் முறைத்தார். பேச்சைத் தேயிலைக்கே திருப்பினேன்.

மாலையைக் கழற்றும்போது கடைசிப் பெஞ்சுக்காரன் ஒருவன் வந்து கை கொடுத்தான். வாரந்தவறாமல் வந்து, எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கியவன். தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்த பிறகுதான் தெரிந்தது: வண்டிக்காரன். வண்டிப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்திருந்ததால் எங்களில் யாரும் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"என்னைய கிள்ளானுக்கு மாத்திட்டாங்கண்ணே," என்றான். "நீங்க திட்ட ஆரம்பிச்சப்புறந்தான் இங்க பொட்டல யாவாரமே ஓடிச்சு. அங்க திட்டுறதுக்கு ஒரு ஆளும் இல்லையாம். ரெண்டு ஞாயிறு வந்து பேசிட்டுப் போங்கலா."