கட்கேசரில் ஓடிய தாமிரபரணி

எங்கள் ஐதராபாத் தமிழ்ச் சங்க மேடையில் சிவஞானத்தை 'ஆவணப்பட இயக்குநர், இசையமைப்பாளர்' என்று அழைப்பார்கள். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனோடு இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அவன் அங்கே புகைப்படப் பிரிவில் இருந்தான். காலையில் பூஞ்சைக் காளானைப் படம் எடுப்பான், மதியம் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் விருந்தினரை எடுப்பான். இரண்டில் காளான்தான் சொன்னபடி நிற்கும் என்பான். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு முக்காலி தூக்கினேன். சம்பளம் கிடையாது, இரானி டீ உண்டு.

அவன் பிறந்தது செகந்திராபாத்தில். அவன் அப்பாவும் தாத்தாவும் பிறந்ததும் அங்கேதான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த முப்பாட்டன் திரும்பிப் போக மறந்துவிட்டார். ஆற்காட்டில் கல்யாணப் பத்திரிகை அனுப்பக்கூட ஆளில்லை. "உங்க நேட்டிவ் எது?" என்று சங்கத்தில் யாராவது கேட்டால், "மெட்டுகுடா" என்று தன் செகந்திராபாத் பேட்டையைச் சொல்வான். கேட்டவர் சிரித்துவிட்டு, "அது சரி, நேட்டிவ்?" என்று மறுபடி கேட்பார். அன்றைக்கு அவன் சங்கத்துப் பொங்கலைச் சாப்பிடமாட்டான்.

சங்கத் தலைவர் சுந்தரேசன் அம்பாசமுத்திரத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் பாதுகாப்புத் துறை வேலைக்கு ஐதராபாத் வந்தவர். ஆனால் பேச்சு மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தொண்ணூற்றாறில் அவர் சிவஞானத்தைக் கூப்பிட்டு, பொங்கல் விழாவுக்குத் தாமிரபரணியைப் பற்றி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். இவன் மார்தட்டி ஒத்துக்கொண்டான். லீவும் போட்டான். அந்த வாரம் பார்த்து ஓர் அமைச்சர் ஆய்வுக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லி லீவைப் பிடுங்கிக்கொண்டார்கள். விழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது.

"ஆறுன்னா தண்ணி. தண்ணி எங்க இருந்தா என்ன? கைக்கு டென்ஷன்?" என்றான் சிவஞானம். 'கைக்கு' என்றால் ஐதராபாத் உருதுவில் 'எதற்கு'.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் கட்கேசர் போனோம். அங்கே ஓர் ஏரி, ஒரு கால்வாய், நாலு படிக்கட்டு, கண்ணுக்கெட்டியவரை நெல். தாமிரபரணி தயார். பொதிகை மலைக்கு மௌலா அலி குன்றைப் பிடித்தோம். அது முழு மொட்டைப் பாறை, உச்சியில் தர்கா. உச்சியை வெட்டிவிட்டு அடிவாரத்தை மட்டும் எடுத்தான். மூடுபனி வேண்டுமென்று என் கையில் சாம்பிராணிக் கரண்டியைக் கொடுத்தான். புகை தாங்காமல் நான் இருமியது படத்தில் பதிவாகிவிட்டது. பிற்பாடு சங்கத்தில் ஒருவர் அதைக் கருமந்தியின் குரல் என்று அடையாளம் கண்டுபிடித்தார்.

இசைக்கும் மௌலா அலிதான் வழிகாட்டியது. குன்றுக்குப் பின்னால் ஒரு பாறையில் ஸ்பானரால் தட்டினால் கணீரென்று மணி மாதிரி நாதம் வரும். தள்ளித் தட்டினால் வேறு சுருதி. வெயிலில் குந்தி உட்கார்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை தட்டி அவன் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம் அது. அந்த நாதத்தை டேப்பில் பிடித்து, தன் பழைய கீபோர்டைச் சேர்த்து ஒரு மெட்டுப் போட்டான். நன்றாகவே இருந்தது. எனக்கு அவனைப் பாராட்ட மனசு வராது, அதனால் நம்பலாம்.

விழாவில் படம் ஓடியது. பாதியில் சுந்தரேசன் எழுந்துவிட்டார். "ஏ, இது நான் குதிச்சுக் குளிச்ச படித்துறைல்லா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணிச்சத்தம் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் என்று பின்வரிசையில் ஒரு மாமா சத்தியம் பண்ணினார். உண்மையைச் சொல்ல சிவஞானம் வாயைத் திறந்தான். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் கைதட்டல். நானாக இருந்தாலும் வாயை மூடியிருப்பேன்.

அப்புறம் வருடத்துக்கு ஒன்று. காவிரி, பவானி, குமரிக் கடல்கூட எடுத்தோம், ஏரியில் காற்று பலமாக அடித்த ஒரு நாளில். வைகைக்குத் தண்ணீர் தேவைப்படாததால் வேலை சுலபமாக முடிந்தது. எல்லாப் படத்திலும் குடம் தூக்கிப் போகும் பெண் அவன் மனைவி காஞ்சனாதான். முகம் தெரியாமல் முதுகை மட்டும் எடுப்பான். "என் முதுகுக்குத்தாண்ணா மார்க்கெட்டு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சிவஞானம்தான் வரவரச் சிரிக்காமல் போனான். ஒருநாள் மௌலா அலி பாறைமேல் உட்கார்ந்து சொன்னான்: "பத்ரி, நான் எடுத்தது பூரா என் ஊரு. இத இவ்ளோ அழகா ஒருத்தனும் எடுத்ததில்ல. ஆனா வேற ஊர் பேர் சொன்னாதான் கை தட்றாங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவ, இதோட பேரச் சொல்லி இத நல்லாருக்குன்னு எவனாவது சொல்லிக் கேக்கணும்டா."

போன வருடம் சங்கத்துக்குப் பொன்விழா வந்தது. தாய்மண்ணைப் போற்றியதற்காக சிவஞானத்துக்கு வாழ்நாள் விருது என்று முடிவாயிற்று. பழைய படங்களை எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்கு ஒன்று தரச் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் நிஜமான ஊர்ப் பெயரை எழுதினான். வீட்டில் எனக்குப் போட்டுக் காட்டியபோது நான் தடுத்தேன்.

"நக்கோடா, வேணாம். சங்கத்தவிட்டே துரத்துவாங்க. அவங்களையும் விட்டா உன் படத்தப் பாக்க இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. தெரியும்" என்றான்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் படித்துறை வந்தது. அடியில் 'கட்கேசர், 1996' என்று எழுத்து. அடுத்து மலை, இந்த முறை புதிதாக எடுத்த உச்சியும் தர்காவும் சேர்ந்து, 'மௌலா அலி'. முணுமுணுப்பு எழுந்தது. செயலாளர் மேடைக்கு ஓடி, "தொழில்நுட்பக் கோளாறால் ஊர்ப் பெயர்கள் மாறிவிட்டன, பொறுத்தருள வேண்டும்" என்று அறிவித்தார். அரங்கமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சிவஞானம் மைக்கைப் பிடுங்கினான்.

"கோளாறு இல்லீங்க. நான் தாமிரபரணிக்குப் போனதே இல்ல. எல்லாம் இங்கதான் எடுத்தேன். இதான் என் ஊரு."

சுந்தரேசன் கையில் பொன்னாடையோடு மேடையில் நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அப்போ இத்தன வருசமா நான் எதப் பாத்துவே அழுதேன்?"

"நம்ம ஊரப் பாத்துதான், அண்ணாச்சி."

அவர் பொன்னாடையை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பின்னால் பாதிக் கூட்டம் போனது, மீதிக் கூட்டம் சாப்பிடப் போனது. யாரும் கை தட்டவில்லை. மறுநாள் சங்கத்து வாட்ஸப் குழுவிலிருந்து அவனை நீக்கினார்கள். காலை வணக்கம் படங்கள் வராதது பெரிய நிம்மதி என்றான். பொய். கேமராவைப் பரணில் ஏற்றிவிட்டான் என்று காஞ்சனா போனில் அழுதாள்.

மூன்றாவது வாரம் சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டார். "ஏ பத்ரி, அந்தப் படித்துறை எங்க இருக்கு? என்னையக் கூட்டிட்டுப் போ. அவனையும் வரச் சொல்லு. கேமராவோட."

ஞாயிறு காலை என் காரில் போனோம். படிகளில் இரண்டு உடைந்திருந்தன. வயல் இருந்த இடத்தில் மனை விற்கும் பலகைகள். ஏரி மட்டும் அப்படியே நிறைந்து கிடந்தது. எழுபத்தொன்பது வயது சுந்தரேசன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் இறங்கி, தண்ணீரில் காலை வைத்து வெகுநேரம் நின்றார். சிவஞானம் மேலே நின்று, திட்டு எப்போது விழும் என்று காத்திருந்தான்.

அப்போது ஒரு டிராக்டர் வந்து கரையோரம் நின்றது. வண்டி நிறைய இடித்த வீட்டின் கல்லும் மண்ணும். ஓர் ஆள் இறங்கி வண்டியின் பின்பலகையைத் திறந்தான். சுந்தரேசன் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்தேழு வருடம் ஐதராபாத்தில் இருந்தும் பால்காரனிடம்கூடத் தமிழில் பேசிய மனிதர், ஏரி அதிரும்படி கத்தினார்.

"அரே, கைக்கு டால்ரே இதர்? ஹமாரா தலாப் ஹை யே!"

ஏன்யா இங்கே கொட்டுகிறாய், இது எங்கள் ஏரி என்று அர்த்தம். டிராக்டர்காரன் திகைத்துப்போய்ப் பலகையைச் சாத்தினான். கிழவர் விடவில்லை. எங்கள் ஏரி, எங்கள் ஏரி என்று கையை ஆட்டியபடி படியேறத் தொடங்கினார்.

நான் சிவஞானத்தைப் பார்த்தேன். அவன் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"எடுடா, கேமராவ எடு" என்றேன்.

"அது கெடக்கட்டும். மொதல்ல அவரப் புடி, வழுக்கும்" என்று சொல்லி, அழுதுகொண்டே அவரை நோக்கிப் படியிறங்கினான்.